சோலார் கரண்ட் எந்தப் பக்கம் போகிறது? வீட்டுக்கா, காருக்கா, லைனுக்கா?

தக்கலைக்குப் பக்கத்தில் என் அக்கா வீட்டு மட்டுப்பாவில் (மொட்டை மாடியில்) 3 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறார்கள். போட்டு ஒரு வருஷம் கழித்து அத்தான் பேட்டரி கார் வாங்கினார். வண்டி வந்த மறுநாள், உச்சி வெயிலில் காரைச் சார்ஜில் போட்டுவிட்டு ஆசையாகப் போய் மீட்டரைப் பார்த்திருக்கிறார். மீட்டரோ வெளியிலிருந்து கரண்ட் உள்ளே வந்துகொண்டிருப்பதாகக் காட்டியிருக்கிறது. உடனே எனக்குப் போன். “மக்கா, மேல வெயிலு இந்தப் போடு போடுது. பொறவு கார் எதுக்கு ஈபி கறண்டை எடுக்குது? சோலார் கறண்டு எங்க போவுது?”

போனில் சொல்லி முடிகிற விஷயமாக அது இல்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய், வீட்டு வயர்களெல்லாம் வந்து சேரும் டிபி பாக்ஸ் முன்னால் நின்று விளக்கினேன். அன்று சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அத்தான் மனதில் ஒரு படம் இருந்தது. இன்வெர்ட்டருக்குள் ஏதோ ஒரு மூளை உட்கார்ந்திருக்கிறது. பந்தியில் பரிமாறுகிறவர் இலையைப் பார்த்து வைப்பதுபோல, வீட்டுக்கு இவ்வளவு, காருக்கு இவ்வளவு, மிச்சம் ஈபிக்கு என்று அது பங்கு வைக்கிறது. பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் சாதாரண சோலார் இன்வெர்ட்டர் யாருக்கும் பங்கு வைப்பதில்லை. கிடைத்ததை எல்லாம் வீட்டு வயருக்குள் தள்ளுவது ஒன்றுதான் அதன் வேலை. அந்த கரண்ட் எங்கே போகிறது என்பதை, அந்த நிமிஷம் வீட்டில் எது ஓடுகிறதோ அது தீர்மானிக்கிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊரில் ‘இன்வெர்ட்டர்’ என்றால் மாடிப்படிக்குக் கீழே பெரிய பேட்டரியோடு இருக்கும் பெட்டிதான் நினைவுக்கு வரும். கரண்ட் போனால் லைட்டும் ஃபேனும் ஓட்டுவது. சோலார் இன்வெர்ட்டர் வேறு. பேனல் தருவது ஒரே திசையில் ஓடும் கரண்ட், டிசி. வீட்டுச் சாமான்களுக்கு வேண்டியது 230 வோல்ட்டில், விநாடிக்கு 50 சுற்று முன்னும் பின்னும் அலையும் ஏசி. டிசியை ஏசியாக மாற்றுகிற எதுவும் இன்வெர்ட்டர்தான், ஆனால் மாற்றிய பிறகு என்ன செய்கிறது என்பதில் வகைகள் உண்டு. பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு சேர்ந்தே ஓடுவது ஆன்-கிரிட். லைனோடு சேராமல் பேட்டரியை நம்பி நிற்பது ஆஃப்-கிரிட். இரண்டும் கலந்தது ஹைபிரிட். மானியம் வாங்கிப் போட்டவர்கள் வீட்டில் பெரும்பாலும் இருப்பது ஆன்-கிரிட். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் மானியம் அதே 78,000தான். அதனால்தான் 3 கிலோவாட் இவ்வளவு பரவலாக இருக்கிறது.

குளச்சல் பக்கம் கடற்கரையில் கரமடி வலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீளக் கயிற்றை வரிசையாக நின்று ஒரே தாளத்தில் இழுப்பார்கள். புதிதாக ஒருவர் வந்து கை கொடுக்க வேண்டுமென்றால், முதலில் அந்தத் தாளத்தைக் கவனித்துக்கொண்டு, அதோடு சேர்ந்துதான் இழுக்க வேண்டும். அவர் பாட்டுக்குத் தனியாக இழுத்தால் மற்றவர்களுக்கும் இடைஞ்சல். ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் காலையில் செய்வது இதுதான். வெயில் வந்ததும் உடனே கரண்ட் தராது. லைனில் வோல்டேஜ் சரியாக இருக்கிறதா, விநாடிக்கு 50 என்ற தாளம் சரியாக இருக்கிறதா என்று கொஞ்ச நேரம் கவனித்துக்கொண்டே இருக்கும். திருப்தியானால் அதே அலையோடு தன் அலையைப் பொருத்திக்கொண்டு தள்ளத் தொடங்கும். பெட்டியின் முகப்பில் விநாடிகள் இறங்கிக்கொண்டே வருவதைக் காலையில் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

தள்ளுவது என்றால் எப்படி? லைன் 230 வோல்ட்டில் நிற்கிறது என்றால், இன்வெர்ட்டர் அதைவிட ஒரு பொடி மேலே நிற்கும். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் போவதுபோல கரண்ட் இன்வெர்ட்டரிலிருந்து புறப்பட்டு டிபி பாக்ஸுக்கு வருகிறது. ஈபி மீட்டரிலிருந்து வரும் வயரும் அதே இடத்துக்குத்தான் வருகிறது. ஃபிரிட்ஜுக்கும் ஃபேனுக்கும் காருக்கும் போகிற வயர்களும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. ஆகவே டிபி பாக்ஸை ஒரு சந்திப்பாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சந்திப்பில் ஒரே ஒரு கணக்கு: உள்ளே வருவதும் வெளியே போவதும் எந்த நொடியிலும் சமமாக இருக்க வேண்டும். சோலார் தருவது போதவில்லையென்றால் குறைகிற அளவு லைனிலிருந்து வந்தே தீரும். மிஞ்சினால் மிஞ்சுகிற அளவு லைனுக்குப் போயே தீரும். இதை யாரும் உத்தரவிடுவதில்லை.

நாஞ்சில் நாட்டுக் குளங்களோடு ஒப்பிட்டால் பாதி தூரம் சரியாக வரும். குளத்துக்குத் தண்ணீர் வருகிறது, மடை வழியாக வயலுக்குப் போகிறது, நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகிறது. மதியம் வீட்டில் ஆள் இல்லாதபோது நம் சோலார் ஈபி லைனுக்குள் மறுகால் பாய்கிறது. அடுத்த வீட்டு மிக்ஸியோ எதிர்த்த கடை ஃபிரிட்ஜோ அதை எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒப்பீடு அதோடு நின்றுவிடும். குளத்தில் தண்ணீர் தேங்கும். டிபி பாக்ஸில் ஒரு துளி கரண்டும் தேங்காது. இது குளமே இல்லாத மறுகால். காலையில் மிஞ்சியதை மாலைக்கு எடுத்து வைக்க வேண்டுமென்றால் பேட்டரி வேண்டும், அல்லது கணக்குப் புத்தகம் வேண்டும். நெட் மீட்டர் அந்தக் கணக்குப் புத்தகம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இன்னொரு கேள்வியும் அத்தான் கேட்டார். “அப்போ இந்த ஃபேன்ல ஓடுறது சோலார் கறண்டா, ஈபி கறண்டா?” திருவட்டாருக்குப் பக்கத்தில் மூவாற்றுமுகத்தில் கோதையாறும் பரளியாறும் சேருகின்றன. சேர்ந்த பிறகு குழித்துறையில் போய் ஒரு குடம் தண்ணீர் மொண்டு, இதில் எத்தனை துளி பரளியாற்றுத் தண்ணீர் என்று கேட்டால் யார் சொல்ல முடியும்? டிபி பாக்ஸில் கலந்த பிறகு கரண்டுக்கும் ஊர்ப் பெயர் கிடையாது. எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று அளக்கத்தான் முடியும்.

சரி, அத்தான் வீட்டு மதியத்தை எண்களில் பார்ப்போம். 11.30 மணி. 3 கிலோவாட் பேனல் என்றாலும் சூடு, தூசி, வெயில் விழும் கோணம் எல்லாம் போக அப்போது 2500 வாட் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஃபிரிட்ஜ், மூன்று ஃபேன், டிவி, சில்லறைகள் சேர்த்து 500 வாட். மிச்சம் 2000 வாட் லைனுக்குப் போகிறது. அக்கா கிணற்று மோட்டாரைப் போடுகிறாள். ஒரு எச்பி மோட்டார், அது 1000 வாட் அளவுக்கு இழுக்கும். லைனுக்குப் போவது 1000 ஆகக் குறைகிறது. மோட்டாரை நிறுத்துகிறாள், மறுபடி 2000. இதுவரை ஈபியிலிருந்து ஒன்றும் வரவில்லை. இப்போது காரைச் செருகுகிறார் அத்தான். கார் 3300 வாட் கேட்கிறது. வீட்டின் 500-ஐயும் சேர்த்தால் 3800. சோலார் தருவது 2500. குறைகிற 1300 வாட் லைனிலிருந்து வருகிறது. மீட்டர் காட்டியது இந்த 1300-ஐத்தான். மீட்டர் இருப்பது வாசலில். வாசலைத் தாண்டுவது மட்டும்தான் அதற்குத் தெரியும். உள்ளே 2500 வாட் வெயில் வேலை செய்துகொண்டிருப்பது அதற்குத் தெரியாது. கார் சோலாரைக் குடிக்கவில்லை என்பது தவறு. நிறையக் குடித்தது, அதற்கு மேலும் கேட்டது, அவ்வளவுதான்.

அப்படியானால் காரைக் குறைவாகக் குடிக்கச் சொல்ல முடியுமா? முடியும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

சுவரில் மாட்டுகிற பெட்டியை நாம் ‘சார்ஜர்’ என்கிறோம். வீட்டில் ஏசியில் சார்ஜ் செய்யும்போது உண்மையான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. ஏசியை டிசியாக மாற்றி பேட்டரியை நிரப்புவது அதுதான். சுவரில் இருப்பது ஒரு பாதுகாப்பான சுவிட்சும், ஒரு தூதனும். காருக்குப் போகிற கேபிளில் கரண்ட் போகும் தடித்த வயர்களோடு ஒரு மெல்லிய வயரும் போகிறது. அதில் சுவர்ப் பெட்டி விநாடிக்கு 1000 துடிப்பு அனுப்பிக்கொண்டே இருக்கும். துடிப்பின் அகலத்தில்தான் சேதி. ஒவ்வொரு துடிப்பிலும் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் உயர்ந்து நின்றால், ‘6 ஆம்ப்ஸுக்கு மேல் எடுக்காதே’ என்று பொருள். ஆம்ப்ஸ் என்பது வயரில் ஓடும் கரண்டின் அளவு. அகலம் ஒரு சதவீதம் கூடினால் 0.6 ஆம்ப்ஸ் கூடும். ஏறத்தாழ 27 சதவீதம் என்றால் 16 ஆம்ப்ஸ். கார் இதைப் படித்து, அந்த வரம்புக்குள் தன்னை அடக்கிக்கொள்ளும். பேச்சு வார்த்தை இவ்வளவுதான். உலகம் முழுக்க ஏசி சார்ஜிங் இந்த எளிய ஏற்பாட்டில்தான் ஓடுகிறது.

இதில் ஒரு தரைமட்டம் உண்டு. 6 ஆம்ப்ஸுக்குக் கீழே சொல்வதற்கு இந்தச் சைகையில் இடமே இல்லை. வோல்ட்டை ஆம்ப்ஸால் பெருக்கினால் வாட்: 230-ஐ 6-ஆல் பெருக்கினால் 1380 வாட். ஆகவே இந்த வகையில் கார் ஒன்று 1380 வாட்டாவது எடுக்கும், இல்லையென்றால் எடுக்கவே எடுக்காது. நடுவில் 500, 800 என்று சொட்டுச் சொட்டாகக் குடிக்காது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மேகம் வரும்போது இது உதவும்.

அத்தான் வீட்டில் மிச்சம் 2000 வாட் இருந்தது அல்லவா? அதை 230-ஆல் வகுத்தால் 8.7 ஆம்ப்ஸ். காருக்கு 8 ஆம்ப்ஸ் என்று சொன்னால் 1840 வாட் எடுக்கும். 160 வாட் லைனுக்குப் போகும், ஈபியிலிருந்து ஒன்றும் வராது. நான்கு மணி நேரம் இப்படி ஓடினால் ஏழு யூனிட்டுக்கு மேல் காருக்குள் போயிருக்கும். ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் என்று வைத்தாலும் சுமார் 50 கிலோமீட்டர். தக்கலையிலிருந்து நாகர்கோவில் போய்த் திரும்பி வந்து, மறுபடி ஒரு நடை போகலாம். நாள் முழுக்க நிறுத்தி வைத்திருக்கும் காருக்கு வேகமான சார்ஜ் எதற்கு?

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. பல கார்களில் திரையிலோ ஆப்பிலோ ஆம்ப்ஸைக் குறைத்து வைக்கலாம். சில கார்களோடு தரும் பிளக் சார்ஜரிலேயே ஆம்ப்ஸ் மாற்றும் பொத்தான் இருக்கும். 8 என்று வைத்துவிட்டு, காலை 10 மணிக்குச் செருகி 3 மணிக்கு எடுங்கள். அத்தான் வீட்டில் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள். புதிதாகச் சோலார் போட்டு கார் வாங்குகிறவர்கள் எடுத்த எடுப்பில் விலை கூடிய ‘சோலார் சார்ஜர்’ வாங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. இந்தக் கைவழியைச் சில மாதம் செய்து பாருங்கள். போதவில்லையென்றால் வாங்கலாம். ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. சாதாரண ஸ்கூட்டர் சார்ஜர் காரளவுக்கு இழுக்காது. மதியம் செருகினால் வெயில் மிச்சத்துக்குள்ளேயே அடங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை. சாதாரண 15 ஆம்ப்ஸ் பிளக்கில் காரை மணிக்கணக்காக ஓட்டினால் பிளக் சூடாகும். அயர்ன் பாக்ஸ் பத்து நிமிஷம் ஓடும், கார் ஆறு மணி நேரம் ஓடும், இரண்டும் ஒன்றல்ல. காருக்குத் தனி லைன், 4 ஸ்கொயர் எம்எம் வயர், கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் தனி எம்சிபி, ஷாக் அடித்தால் தட்டிவிடும் ஆர்சிசிபி, ஒழுங்கான எர்த் எல்லாம் வேண்டும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று பிளக் பித்தளையைச் சீக்கிரம் அரித்துவிடும், அங்கே தொடர்பு தளர்ந்து சூடேறும். முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் இருப்பவர்கள் அடிக்கடி கழற்றிப் பார்க்க வேண்டும்.

இனி, கையால் மாற்றாமல் தானாகவே செய்கிற ஏற்பாடு. இதற்கு வாசலில் ஒரு காவலாள் வேண்டும். மீட்டரிலிருந்து வீட்டுக்குள் வரும் வயரைச் சுற்றி ஒரு சின்ன வளையம் மாட்டுவார்கள். சிடி என்றோ கிளாம்ப் என்றோ சொல்வார்கள். வயரை வெட்டாமலே, அதில் எவ்வளவு கரண்ட் எந்தப் பக்கம் போகிறது என்று அது அறியும். அறிந்ததை சார்ஜருக்கோ இன்வெர்ட்டருக்கோ சொல்லும். ‘இப்போது 1000 வாட் வெளியே போகிறது’ என்றால் சார்ஜர் காருக்கு 4 ஆம்ப்ஸ் கூட்டும். ‘300 உள்ளே வருகிறது’ என்றால் 2 ஆம்ப்ஸ் குறைக்கும். வாசலில் போக்குவரத்து பூஜ்யத்தை ஒட்டி நிற்கிற மாதிரி பார்த்துக்கொள்வதுதான் அதன் முழு வேலையும். ‘ஸ்மார்ட்’ என்று விளம்பரத்தில் சொல்வதன் உள்ளே இருப்பது பெரும்பாலும் இந்த வளையமும் ஒரு கழித்தல் கணக்கும்தான்.

வளையத்தின் மேல் ஒரு அம்புக்குறி இருக்கும். அந்த அம்புக்குறியை எப்படி மதிக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் ஆனது. சுங்கான்கடையில் என் வீட்டில் இப்படிப்பட்ட சார்ஜர் போட்டேன். போட்டுக் கொடுத்தவர்கள் வளையத்தைத் திருப்பி மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். விளைவு என்ன தெரியுமா? உள்ளே வருவதெல்லாம் வெளியே போவதாகத் தெரிந்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு மோட்டாரும் ஃபிரிட்ஜும் ஃபேன்களும் ஓடியபோது 1500 வாட் ஈபியிலிருந்து வந்தது. சார்ஜருக்கோ ‘1500 வாட் மிச்சம்’ என்று சேதி. உடனே காரைத் தொடங்கிவிட்டது. கார் இழுத்த கரண்டும் ‘மிச்சக்’ கணக்கிலேயே சேர்ந்ததால், மிச்சம் கூடுகிறது என்று நினைத்து இன்னும் கூட்டியது. கூட்டக் கூட்ட மிச்சம் கூடியது. கடைசியில் நிலா வெளிச்சத்தில் முழு வேகத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது, ஆப்பில் ‘சூரிய ஒளியில் சார்ஜ்’ என்று பச்சையாகக் காட்டியது. மூன்று வாரம் இதைக் கவனிக்காமல் விட்டேன். கண்டுபிடிக்க எளிய வழி: இருட்டிய பிறகு ஆப்பைத் திறந்து பாருங்கள். ராத்திரி எட்டு மணிக்கு வீட்டிலிருந்து லைனுக்குக் கரண்ட் போவதாகக் காட்டினால் அம்புக்குறி திரும்பியிருக்கிறது. மூன்று ஃபேஸ் வீடுகளில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: ஒவ்வொரு வளையமும் அதற்குரிய ஃபேஸில்தான் இருக்கிறதா என்று.

மேகம் வந்தால்? 2500 தந்த பேனல் ஒரு நிமிஷத்தில் 800-க்கு இறங்கும். வீட்டின் 500 போக மிச்சம் 300. கார் எடுக்கிற குறைந்தபட்சமே 1380. இங்கே சார்ஜருக்கு இரண்டு வழிதான். ஒன்று, காரை நிறுத்திவிட்டு வெயிலுக்குக் காத்திருப்பது. இரண்டு, 6 ஆம்ப்ஸிலேயே தொடர்ந்து, குறைகிற 1080 வாட்டை லைனிலிருந்து எடுப்பது. ‘வெயில் மட்டும்’, ‘வெயிலும் லைனும்’ என்று ஆப்பில் இரண்டு தேர்வு இருக்கும். ஒவ்வொரு மேகத்துக்கும் நின்று நின்று தொடங்கினால் உள்ளே இருக்கும் சுவிட்ச் தேய்ந்துபோகும். அதனால் சார்ஜர் ஒரு சில நிமிஷம் பொறுத்துப் பார்த்துத்தான் நிறுத்தும், அதேபோலப் பொறுத்துத்தான் தொடங்கும். இடைப்பட்ட நேரத்தில் கொஞ்சம் ஈபி கரண்ட் உள்ளே வரும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சந்திப்பில் இன்னொரு ஆளும் உண்டு, வீட்டு பேட்டரி. வெயில் மிஞ்சினால் முதலில் பேட்டரிக்கா, காருக்கா, லைனுக்கா என்ற வரிசையை இங்கே நாம்தான் அமைக்க வேண்டும். ஹைபிரிடுக்குத்தான் கொஞ்சமாவது ‘பங்கு வைக்கும்’ வேலை தெரியும். இதில் அடிக்கடி நடக்கிற தவறு ஒன்று. சாயங்காலம் காரைச் செருகுகிறோம். வீட்டில் ஏதோ சாமான் ஓடுகிறது என்று நினைத்து இன்வெர்ட்டர் வீட்டு பேட்டரியிலிருந்து கரண்டை எடுத்துக் காருக்குக் கொடுக்கிறது. 5 யூனிட் பேட்டரி ஒன்றரை மணி நேரத்தில் காலி. ராத்திரி கரண்ட் போனால் ஃபேனுக்கு ஒன்றும் இல்லை. ஒரு பேட்டரியிலிருந்து இன்னொரு பேட்டரிக்கு மாற்றும்போது வழியில் நஷ்டம் வேறு. இதற்குத் தீர்வு வயரிங்கில் இருக்கிறது. ஹைபிரிட் இன்வெர்ட்டரில் லைனோடு சேரும் பக்கம் ஒன்று, கரண்ட் போனாலும் உயிரோடிருக்கும் பேக்கப் பக்கம் ஒன்று. லைட், ஃபேன், ஃபிரிட்ஜ், வைஃபை பேக்கப் பக்கம் இருக்கட்டும். கார் எப்போதும் லைன் பக்கம்தான். அதோடு, வீட்டு பேட்டரி காருக்குக் கொடுக்க வேண்டாம் என்ற அமைப்பு இருந்தால் அதையும் போட்டுவிடச் சொல்லுங்கள்.

“சரி, கறண்டு போனா சோலாரும் சேந்து அணையுதே, மேல வெயிலு இருக்கும்போதே?” இது அக்கா கேட்டது. ஆன்-கிரிட் வைத்திருக்கிற எல்லா வீட்டிலும் இந்த வருத்தம் உண்டு. ஏமாற்றிவிட்டார்கள் என்றுகூடச் சிலர் நினைக்கிறார்கள். இல்லை, வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். 2017 நவம்பர் 30-ஆம் தேதியை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒக்கி புயலில் தென்னையும் ரப்பரும் மின்கம்பங்களின் மேல் விழுந்து கிடந்தன. நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கம்பம் நட்டு வயர் இழுக்கிறவர்கள் மழையில் நின்று வேலை செய்தார்கள். லைன் செத்துக் கிடக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் வயரைத் தொடுகிறார்கள். அந்த நேரத்தில் ஏதோ ஒரு மட்டுப்பாவிலிருந்து சோலார் அந்த வயருக்குள் கரண்டைத் தள்ளிக்கொண்டிருந்தால்? டிரான்ஸ்ஃபார்மர் வழியாக அது பின்பக்கமாக ஏறினால் மேல் லைனில் 11,000 வோல்ட்டாகவும் மாறும். ஓர் உயிர் போக அது போதும். அதனால்தான் லைனில் தாளம் நின்றதுமே இன்வெர்ட்டரும் இழுப்பதை விட்டுவிடுகிறது, இரண்டு விநாடிக்குள். கரண்ட் இல்லாத நேரத்திலும் சோலார் வேண்டுமென்றால், வாசலில் லைனைத் துண்டித்துவிட்டுத் தானே தாளம் போடத் தெரிந்த ஹைபிரிட் வேண்டும், அதற்கு பேட்டரியும் வேண்டும். சொந்தமாக ஏதாவது ‘செட்டிங்’ செய்து ஆன்-கிரிட் இன்வெர்ட்டரை ஓட வைக்கலாம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து அவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

இனி கணக்குப் புத்தகம். நெட் மீட்டரில் இரண்டு எண் ஓடும். உள்ளே வந்த யூனிட் ஒன்று, வெளியே போன யூனிட் ஒன்று. நெட் மீட்டரிங் ஒப்பந்தத்தில் இரண்டையும் கழித்து மிச்சத்துக்குப் பில். அப்படியானால் மதியம் லைனுக்கு அனுப்பிவிட்டு ராத்திரி காருக்கு எடுத்துக்கொண்டாலும் யூனிட்டுக்கு யூனிட் சரியாகிவிடுமே, பிறகு எதற்கு இந்த ஆம்ப்ஸ் குறைக்கும் பாடு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. யூனிட்டுக்கு யூனிட் முழுசாகக் கழிகிற ஒப்பந்தம் என்றால், காசு கணக்கில் வித்தியாசம் பெரிதாக இருக்காது. வெளியே போவதற்குக் குறைந்த விலை தரும் ஒப்பந்தம் என்றாலோ, வெளியே விடாமல் வீட்டிலேயே குடிக்கிற ஒவ்வொரு யூனிட்டும் லாபம். கையெழுத்துப் போடும் முன் எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கார் எவ்வளவு கூட்டும் என்பதற்கு ஒரு மதிப்பு: மாதம் 1000 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 140 யூனிட். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால் 280 யூனிட். ஸ்லாப் ஏற ஏற விலை ஏறும் முறையில் இந்த 280-ம் மேல் படியில்தான் போய் உட்காரும். மறுபக்கம், 3 கிலோவாட் நல்ல நாளில் 12 யூனிட் தரும். காரைச் சோலார் தாங்குமா என்பதை இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து நீங்களே பார்த்துவிடலாம்.

காசைத் தாண்டி, மதியம் வீட்டிலேயே குடிப்பதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. லைனின் கடைசியில், தென்னந்தோப்புக்குள் இருக்கும் வீடுகளுக்கு இது முக்கியம். லைனுக்குள் தள்ள இன்வெர்ட்டர் வோல்டேஜை உயர்த்துகிறது என்று சொன்னேன். வயர் நீளமாகவும் மெலிதாகவும் இருந்தால் அதிகமாக உயர்த்த வேண்டியிருக்கும். பக்கத்து மூன்று வீட்டிலும் சோலார் இருந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் தள்ளினால் வோல்டேஜ் 253-ஐத் தாண்டும். அதற்கு மேல் போனால் இன்வெர்ட்டர் தன்னை அணைத்துக்கொள்ளும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வரும். நல்ல வெயிலில் உற்பத்தி வரைபடம் வாள் பல் மாதிரி ஏறி இறங்கினால் காரணம் பெரும்பாலும் இதுதான். அந்த நேரத்தில் காரைச் செருகிப் பாருங்கள். தள்ள வேண்டிய அளவு குறைவதால் வோல்டேஜ் இறங்கி, இன்வெர்ட்டர் ஒழுங்காக ஓடத் தொடங்கும்.

தென்னை என்றதும் ஒன்று. ஓர் ஓலையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் அந்த ஒரு பேனலோடு இழப்பு நிற்காது. பேனல்கள் வரிசையாகக் கோர்த்திருப்பதால் மற்றவற்றையும் அது இழுத்துப் பிடிக்கும். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு எட்டு டிகிரி மேலே. ஜூன் மாதத்தில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். டிசம்பரில் பேனலில் நிழல் போடாத வடக்குத் தென்னை ஜூனில் போடும். பேனல் வைக்கும் முன் நான்கு பக்கமும் பார்க்க வேண்டும்.

ஜூனில் இன்னொன்றும் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை தொடங்கி, வேளிமலை மேல் மேகம் உட்கார்ந்துவிட்டால், ‘வெயில் மட்டும்’ என்று வைத்த கார் நாள் முழுக்கக் காத்திருந்து சாயங்காலம் அப்படியே நிற்கும். காலையில் மார்த்தாண்டம் போக வேண்டியிருக்கும்போது இது தெரியவந்தால் சங்கடம். அந்த மாதங்களில் ‘வெயிலும் லைனும்’ என்று மாற்றி வையுங்கள். அத்தானும் இப்போது ஜூன் பிறந்ததும் ஆம்ப்ஸை ஏற்றிவிடுகிறார். நம் மட்டுப்பாவில் வெயில் இல்லாத அதே நாள்களில்தான் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று அள்ளிக்கொண்டு போகும், முப்பந்தலில் காற்றாலைகள் நிற்காமல் சுற்றும். மீட்டர் ‘உள்ளே வருகிறது’ என்று காட்டுகிற கரண்டில் அதுவும் கலந்துதான் இருக்கிறது.